பாதி வகுப்பில் தீர்ந்த செல்

தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரலும் பாதி போய்விட்டது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் வரலாறு நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பு. மூன்றாவது பெஞ்சைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியை நல்ல மனசோடுதான், "கொஞ்ச நாள் லைப்ரரியப் பாத்துக்கிடுங்களேன் டீச்சர்" என்றார். அன்று இவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

மஸ்கட்டில் வேலை பார்த்த அவள் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். சேலையில் குத்திக்கொள்ள வயரில்லாத மைக், மேசைமேல் வைக்க டிபன்பாக்ஸ் அளவில் ஒரு ஸ்பீக்கர், சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல்கள், அவற்றுக்கு ஒரு சார்ஜர்.

"அத்தான், சாதா செல்ல மட்டும் இதுல போட்டு சார்ஜ் ஏத்திராதீங்க, வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாப்பாடு முடிந்ததும் செல்களைச் சார்ஜரில் செருகுவது என் வேலையானது. காலையில் அவை வெதுவெதுப்பாக இருக்கும். தட்டையான பக்கம் ஸ்பிரிங்கில் படும்படி அவளே எடுத்துப் போடுவாள். அடுக்களையில் நின்று "கேக்குதா?" என்பாள். முன்னறை ஸ்பீக்கரில் அவள் குரல் வரும். எனக்கு ஒவ்வொரு நாளும் அது அதிசயமாகவே இருந்தது.

பங்குனியில் ஒருநாள் மாலையே போன கரண்டு விடியும்போதுதான் வந்தது. அரைகுறையாக ஏறிய செல்லோடு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

"எட்டாங்கிளாஸ்ல பாதியிலயே நின்னுட்டுங்க. நான் வாயசைக்கேன், சத்தத்தக் காணோம். அழுகையே வந்துட்டு. முன்பெஞ்சுப் பிள்ள எந்திச்சு, 'டீச்சர், நீங்க பையச் சொல்லுங்க, நான் சத்தமாச் சொல்லுதேன்'னா. நான் ஒரு வரி, அவ ஒரு வரி. நடுவுல, 'தொண்டை காயுது, தண்ணி எடுட்டி'ன்னேன். அதையும் கிளாசுக்கே சொல்லிட்டா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஜோடி செல் வாங்க ஜங்ஷனுக்குப் போனோம். அதுவரை கடைகளில் நான்தான் அவளுக்காகப் பேசுவேன். அன்று அவளே கேட்டாள். கடைக்காரர் காதை நீட்டி, "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"சத்தம் இவ்வளவுதான் அண்ணாச்சி. கிட்ட வந்து கேளுங்க."

அவர் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார், தரவும் செய்தார். குரல் அதன்பின் கொஞ்சம் தேறியது, முழுதாக வரவில்லை. ஓய்வு பெறும்வரை அவள் வரலாறுதான் நடத்தினாள்.