உறையாத பால்

பத்து வயதில் எனக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. மருந்துக் கடைக்காரர்மீது சுத்தமாக இல்லை.

கருக்களாச்சேரி கரையில் கெளுத்தி மீன் முள் குத்திக் கால் வீங்கியிருந்தது. "இது கிருமியோட செல்லையெல்லாம் கொன்னுடும் பாப்பா" என்று கேப்சூல் மாத்திரைகளைக் கொடுத்தார் அவர். நம் உடம்பே செல்களால் ஆனது என்று அந்த வாரம்தான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கிருமியும் செல், நானும் செல். மாத்திரைக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரியும்?

விழுங்கியதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளிருந்த பொடியை அம்மா உறை ஊற்றி வைத்த பாலில் கொட்டினேன். வெள்ளையோடு வெள்ளை. மறுநாள் பால் தயிராகவில்லை. அடுத்த நாளும் இல்லை. அம்மா அதை வாழைக்குக் கொட்டினாள். பாலுக்கே இந்தக் கதி என்றால் எனக்கு? "அண்ணி கைராசி போச்சு" என்றாள் அத்தை.

மூன்றாம் நாள் பொடியில் பாதியைப் பாலில் கொட்டும்போது அம்மா வரும் சத்தம் கேட்டது. மீதியைப் பக்கத்தில் கள் விட்டுக் கரைத்திருந்த ஆப்ப மாவில் தட்டிவிட்டேன். காலையில் பால் பாலாகவே இருந்தது. மாவு பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிந்திருந்தது. எல்லோரும் ஆப்பம் தின்பதை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மாவு பொங்கியிருக்குல்ல? அப்ப என் கையில குத்தமில்ல. பால்காரிதான் பாலுல என்னமோ கலந்திருக்கா" என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

குரும்பகரத்துப் பால்கார அக்கா மறுநாள் அதே பாலில் தன் வீட்டில் உறைந்த தயிரைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். "கவுத்துப் பாருங்கம்மா, விழாது. நான் வஞ்சகம் பண்ணலங்க." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளையிலிருந்து பால் வேண்டாம் என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லேன் பாப்பா, எம் பாலக் குடிச்சுத்தான வளந்த?"

சொன்னால் மாத்திரையை விழுங்க வேண்டியிருக்கும். அக்கா கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

கால் மேலும் வீங்கி, கடைசியில் ஊசி போட்டார்கள். ஊசியை எந்தப் பாலில் கொட்டுவது? இரண்டு நாள் சாவுக்குக் காத்திருந்தேன். கால்தான் ஆறியது.

பதினொன்றாம் வகுப்பில் ஆசிரியை பலகையில் இரண்டு செல்கள் வரைந்தார். ஒன்று உட்கரு இல்லாத புரோகேரியோட்டிக் செல்: என் காலில் சீழ் வைத்த கிருமியும், பாலைத் தயிராக்கும் கிருமியும் அந்த வகை. மாத்திரை உடைப்பது அவற்றின் சுவரை. மற்றது உட்கரு உள்ள யூகேரியோட்டிக் செல்: கள்ளிலிருந்து வந்து மாவைப் பொங்கவைத்த ஈஸ்ட், அக்கா, அம்மா, நான். ஈஸ்ட்டின் சுவரே வேறு; நமக்குச் சுவரே இல்லை. மாத்திரைக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வழிந்து கிடந்த மாவு என் கண்ணெதிரே அதைத்தான் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

அக்காவின் கிண்ணத்தில்தான் அம்மா இன்றும் உறை ஊற்றுகிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.