அப்பா இரண்டாம் முறை கட்டிய தாலி

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அப்பா வேப்பம்பட்டில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனாரை இழந்து, செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டே படித்து, அண்ணனூர் ரயில் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிய பிறகே அம்மாவைக் கைப்பிடித்தார். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றுபோனாலும் ஸ்பேனரோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். இவ்வளவும் நீங்கள் அறிந்தது.

அறியாத ஒன்றையும் மூத்த மகளாகிய நான் அம்மாவின் சம்மதத்தோடு இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகள் அப்பா அம்மாவோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல். அம்மா எதிரில் இருக்கும்போதே, "உங்கம்மா கிட்ட சொல்லு, நாளைக்கு கேஸ்காரன் வருவான்" என்று எங்களிடம் சொல்வார். என்ன சண்டை என்று எனக்கும் தம்பிக்கும் இன்றுவரை தெரியாது.

இந்தத் தை மாதம் ஒரு காலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் வந்து நின்றார்.

"திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போலாமா? இன்னொரு வாட்டி தாலி கட்டறேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கு?"

"கட்டணும் போல கீது."

அப்பாவை டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட நானும் தம்பியும் யோசித்தோம். அம்மாவோ எங்களைக் கேட்காமலே புதுப் புடவை எடுத்து வந்துவிட்டார்.

பல நூறு ஆண்டுப் பழைய அந்தக் கோயிலில் குருக்கள், "அறுபதாம் கல்யாணமா, எழுபதா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல சாமி. சும்மா கல்யாணம்" என்றார் அப்பா.

மஞ்சள் கயிற்றை அவர் எடுத்ததும் அம்மா கையை நீட்டித் தடுத்தார். "மொத தடவ யாரும் என்னெ கேக்கல. இப்ப நீங்க கேளுங்க."

அப்பா கயிற்றைக் கீழே இறக்கி, அம்மாவை நேராகப் பார்த்தார். பிறகு, "கட்டிக்கிறியா? இனிமே மூஞ்சியப் பாத்துப் பேசறேன்" என்றார்.

"சரி" என்றார் அம்மா. அழுதது நானும் தம்பியும்தான். ஏன் அழுதோம் என்று எங்களுக்கே விளங்கவில்லை.

சொன்னபடி பேசினார். நான்கு மாதங்கள் இருவரும் ஓயாமல் பேசினார்கள். நாங்கள் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார்கள். வைகாசியில் நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாட்கள் இருந்து, அம்மாவின் கையைப் பிடித்தபடியே அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஆம்புலன்சில் கூடவே வந்த எதிர்வீட்டு பாய்க்கும், சுமந்து சென்ற பணிமனை நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் இருந்த அத்தைமார்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரை அச்சிட்ட கரையான்சாவடி அச்சகத்தார், "இல்லற வாழ்வு எத்தனை வருஷம்னு போடறது?" என்று கேட்டார். தம்பி, "நாப்பத்தி ரெண்டு" என்றான்.

கூட வந்திருந்த அம்மா, "நாலு மாசம்னு போடச் சொல்லு" என்றார்.

கோபத்தில் சொன்னாரா, பாசத்தில் சொன்னாரா, தெரியவில்லை. திரும்பக் கேட்க எங்களுக்குத் துணிவும் வரவில்லை. முதல் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருப்பதற்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம்.