குலம் அண்ணையும் நான் கெடுத்த இசைத்தட்டும்

குலம் அண்ணை போய்விட்டார்.

காலையில் அவரின் மகள் போன் எடுத்தா. "அங்கிள், அப்பா போயிட்டார்... நித்திரையிலேயே." அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

மெல்பேர்ணில் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... எழுபதுகளில் டெலிபோன் வேர்க்‌ஷொப்பில் எனக்குப் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்து மனுசன், ஆனால் பைத்தியம் முழுக்க அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய புளூஸ் பாட்டில்.

மல்கிரேவில் அவர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. சுவர் முழுக்க அலமாரி மாதிரி ராக்கை, ராக்கை முழுக்க நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் அந்தக் காலத்து இசைத்தட்டுகள்.

அவர் மனுசி பவளம் அக்கா குசினிக்குள் நின்று கத்துவா. "கார் மழையிலை நனையுது, உந்தத் தட்டுகளுக்குக் கம்பளி போர்த்தி வச்சிருக்கிறார்!"

சனிக்கிழமைகளில் நானும் போவேன். தட்டைக் கழுவிக் காயவைத்து, ஒரே ஒரு முறை போட்டு, அதை டேப்பில் பதிய வேண்டும். பிறகு உறைக்குள் வைத்துவிடுவார். ரசித்துக் கேட்கவெல்லாம் விடமாட்டார்.

"ஊசி வைக்கிற ஒவ்வொருக்காலும் தேயும் தம்பி. சிலது உலகத்திலை வேறை எங்கையும் இல்லை. இதுவும் போனால் அந்தக் குரல் அதோடை சரி."

லெஸ் என்று ஒரு வயதான வெள்ளைக்காரன். கப்பலில் வேலை செய்து ஓய்ந்து, போர்ட் மெல்பேர்ணில் வாடகை அறையில் தனியாக இருந்தான். அமெரிக்கத் துறைமுகங்களில் சேர்த்த தட்டுகளை ஒவ்வொன்றாக அண்ணைக்குத் தருவான்.

ஒருமுறை அவன் தந்தது, யாரோ ஒரு பெண் கிற்றாரோடு தனியாகப் பாடியது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். அண்ணை அன்று சந்தோசத்தில் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அவர் போன் பேச உள்ளே போன நேரம்... தட்டில் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. டேப் மெஷினைத் துடைக்கும் ஸ்பிரிட் போத்தல் பக்கத்தில் இருந்தது. வீட்டில் என் எல்பி தட்டுகளை நான் அதால்தான் துடைப்பேன், பளிச்சென்று வரும்.

பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. ஊற்றித் துடைத்தேன்.

எல்பி பிளாஸ்டிக்; இந்த 78 தட்டுகள் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் கரையும். துணியெல்லாம் கறுப்பு... ஐயோ!

அண்ணை வந்து ஊசி வைத்தார். வெறும் இரைச்சல்தான்.

"என்னடாப்பா இது?"

"வரேக்கையே இப்பிடித்தான் இருந்தது அண்ணை."

துணியைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சொன்ன பொய். அந்த கராஜில் எப்போதும் ஸ்பிரிட் மணம்தான், அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த நாளே லெஸ்ஸிடம் போனார். பழுதான தட்டைத் தந்து ஏமாற்றின கள்ளன் என்று கத்தினார். தரும்போது நன்றாகத்தான் இருந்தது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் காருக்குள் இருந்தேன். இறங்கவில்லை.

அதோடு உறவு முறிந்தது. ஒரு வருடத்தில் லெஸ் செத்துப்போனான். அவன் கட்டிலுக்குக் கீழே இன்னும் மூன்று பெட்டி தட்டுகள் இருந்தனவாம்... வீட்டுக்காரன் குப்பையில் போட்டுவிட்டான்.

கேள்விப்பட்ட அன்று அண்ணை கராஜில் கதிரையில் இருந்து அழுதார். "மூண்டு பெட்டி தம்பி... ஆர் ஆற்றை குரலெல்லாம் அதிலை இருந்துதோ."

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கோழை.

போன மாதம் அண்ணை இருந்த நேர்சிங் ஹோமுக்கு, உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

அவர் என் கையைப் பிடித்து மகளிடம் சொன்னார். "இவன் ஒருத்தனை நம்பித்தான் பிள்ளை நான் என்ரை தட்டுகளைக் கையிலை குடுத்தனான்."

கொண்டுபோன பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செத்தவீட்டில் நான்தான் பேச வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறா. என்னத்தைப் பேச...

போயிட்டு வாங்கோ அண்ணை. அங்கை லெஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பாதேங்கோ.

அவன் உங்களுக்குப் பொய் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்.