மோட்டார் கொட்டாயில் ஒரு கோடிங் கிளாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னும் பல்கூட விளக்கவில்லை, போன் அடித்தது. வடக்கனந்தல் பக்கம் ஒரு கிராமத்தில் என் தங்கையைக் கட்டியிருக்கும் மச்சான் செல்வம்.

"மச்சான், உடனே பொறப்பட்டு வா. உன் மருமவ பண்ண வேலைக்கு இங்க அண்ணன் தம்பிங்க அடிச்சிக்கினு கெடக்கறோம்!"

மருமகள் என்றால் அவருடைய மகள் பவித்ரா. பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறாள். அந்த வயசுப் பெண்ணை வைத்து வீட்டில் சண்டை என்றால் உங்கள் மனசு எங்கே போகும்? என் மனசும் அங்கேதான் போனது. கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கை விரட்டினேன்.

போய்ப் பார்த்தால்... காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கம்ப்யூட்டர் புரோகிராம்!

பவித்ராவின் கம்ப்யூட்டர் ஆர்வத்துக்கு நான்தான் காரணம் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அவள் பத்தாவது படிக்கும்போது தலையணை சைஸில் ஒரு பைத்தான் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் புத்தகம் இப்போது என் தங்கை வீட்டுச் சமையலறையில், பால் குண்டானின் மூடி மேல் இருக்கிறது. பூனையால் தள்ள முடியவில்லையாம். பவித்ரா கற்றுக்கொண்டதெல்லாம் யூடியூபில். பெரியப்பா மகனுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில்.

நம் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வெளியே கசிந்தால் போதும், ஊரே திரண்டு வந்து ஊக்கப்படுத்தும். எப்படி? ஆதாரில் அட்ரஸ் மாற்றிக் கொடு. போன் லாக் மறந்துவிட்டது, திறந்து கொடு. பேரனுக்கு பிறந்தநாள் ஸ்டேட்டஸ் போட்டுக் கொடு. எல்லாம் முடிந்ததும், "நீ பெரிய ஆளா வருவ" என்று ஆசீர்வாதம் வேறு.

ஆனால் அதையே காலேஜில் படிக்கிறேன் என்று அவள் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. "கம்ப்யூட்டர் படிச்சவன்லாம் வூட்ல குந்திக்கினு இருக்கான். நர்சிங் போ, பக்கத்துலயே வேலை" என்பது மச்சானின் கட்சி. எஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் காலேஜ் தேர்ந்தெடுக்க இந்த வாரம்தான் கடைசி. பவித்ரா ஒரு வாரமாக அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை.

இப்போது சண்டைக்கு வருவோம்.

மச்சான் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஆளுக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர். பெரியவருக்குக் கரும்பு, மச்சானுக்கு மரவள்ளி, சின்னவருக்கு மக்காச்சோளம். இன்று யார் முறை என்பதை இத்தனை காலமாக வரப்பில் நின்று கத்தியே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குத் தொண்டை பெரிசோ அவருக்குத் தண்ணீர்!

பவித்ரா ஒரு புரோகிராம் எழுதினாள். காலையில் எழுந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "இன்று முறை: பெரியப்பா" என்று வந்து விழும். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. சின்னவர் அதை மாமியார் வீட்டு குரூப்புக்கெல்லாம் ஃபார்வர்டு செய்தார்.

சனிக்கிழமை கல்வராயன் மலையில் இடி இடித்தது. அங்கே இடித்தால் இங்கே கரண்ட் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியவர் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் போன கரண்ட், அன்றைக்கு வரவே இல்லை. கரும்பு பாதி நனைந்தது, பாதி காய்ந்தது. ஞாயிறு காலை குரூப்பில் வந்து விழுந்தது: "இன்று முறை: செல்வம்."

நான் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் மூன்று பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"எம் பங்கு தண்ணிய உனுக்கு எழுதி வச்சிட்டா உம் பொண்ணு!" என்று பெரியவர்.

பவித்ரா லேப்டாப்பைத் திறந்து கையில் வைத்திருந்தாள். "பெரிப்பா, நடுவுல கரண்ட் போனா இன்னா ரூலுன்னு நீங்க யாரும் சொல்லலியே? இப்ப சொல்லுங்க, போட்டுர்றேன்."

"இதுல இன்னா ரூலு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. கரண்ட் போனா மறுநாளும் அவனுதுதான்."

"யார் சொன்னது?" என்று பாய்ந்தார் சின்னவர். "போனா போனதுதான். அதான் எல்லாருக்கும் தெரியும்!"

"பாதி நேரத்துக்குத்தாண்டா ஈடு. ஊருக்கே தெரியும்" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிந்த ரூல், ஆளுக்கு ஒன்று! பங்கு பிரித்த நாளிலிருந்து ஒரே கிணற்றில் இறைக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் சண்டை வரும். கேட்காமலே வந்த சண்டைகள் கணக்கில் வராது போலிருக்கிறது.

மச்சானுக்குக் கோபம் பெண் மேல் திரும்பியது. "இத்தோட நிறுத்து. கம்ப்யூட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நர்சிங்தான், முடிஞ்சிபோச்சு!"

பவித்ராவின் முகம் செத்துப்போனது. நான் வாயைத் திறந்தேன்... தாய்மாமன் சிபாரிசு எடுபடும் நேரமா அது? மூடிக்கொண்டேன்.

அவள் அழுவாள் என்று பார்த்தால், கொட்டாய்ச் சுவரில் எரிந்த பல்பைக் காட்டினாள். "பெரிப்பா, மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்து எவ்ளோ நேரம் ஆவுது. நீங்க சண்ட போட்டு முடிக்கறதுக்குள்ள போயிடும்."

மூன்று பேரும் பல்பைப் பார்த்தார்கள். கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை! விவசாயிக்கு இதைவிடப் பெரிய பாவம் உண்டா? அப்படியே கீழே உட்கார்ந்தார்கள்.

அப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். பாதி நேரத்துக்கு மேலே கரண்ட் போனால்? மழை பெய்துவிட்டால்? மோட்டார் காயில் எரிந்தால் முறை தள்ளிப்போகுமா? கேட்டுக்கேட்டு டைப் செய்தாள். "அய்யோ, இதெல்லாம் கேப்பியா!" என்று தலையில் அடித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். ஒரு வழியாக, போன நேரத்துக்கு மறுநாள் ஈடு என்று முடிவாகி, பெரியவர் மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் கொட்டியதும் அவர் குரலே குளிர்ந்துவிட்டது.

நான் பார்த்தவரையில் புரோகிராமிங் என்பது இதுதான். எல்லோரும் நாசூக்காக விழுங்கிவிடுவதை, வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்பது. அதை அமெரிக்காக்காரன் செய்தால் எஞ்சினியர் என்கிறோம். வீட்டில் பெண் செய்தால் வாயாடி என்கிறோம்.

பெரியவர் முகம் கழுவிக்கொண்டே வந்தார். "கெட்டிக்காரிதான்டா செல்வம் உம் பொண்ணு. ஏம்மா, எங்க காலத்துக்கு அப்புறம் இதுல பசங்க பேர மாத்திக்கலாம் இல்ல?"

"தாராளமா மாத்திக்கலாம் பெரிப்பா" என்றாள் பவித்ரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பசங்க பேரு மட்டுமா, பொண்ணுங்க பேரும் போடணுமா?"

உடனே பெரியவருக்கு மடை திருப்பும் வேலை வந்துவிட்டது. சின்னவருக்குப் போன் வந்தது. அது அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை. மச்சான் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்தார்.

திங்கட்கிழமை காலை மறுபடி போன். மச்சான்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மச்சான், அவள கம்ப்யூட்டருக்கே போட்டுடு. நல்லா தூரமா, ஆஸ்டல் இருக்கற காலேஜா பாரு. இங்கியே இருந்தா சொத்து பாகம் வரைக்கும் கேட்டுடுவா போலகீது!"

உடனே போட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்து இன்னும் தெளிவாகக் கேட்பாள் என்பதை மட்டும் மச்சானிடம் சொல்லவில்லை.