பொங்கல் விழாவில் ஒரு போர்நிறுத்தம்

1995 ஜனவரி. இலங்கையில் அரசும் போராளிகளும் போரை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு அதையே தலைப்பாக்கினோம்: பேச்சுவார்த்தை நிலைக்குமா, நிலைக்காதா? செய்திகளைக் கத்தரித்துத் தேதிவாரியாக அடுக்கும் ஆள் என்பதால் என்னை 'நிலைக்காது' அணியில் போட்டார்கள்.

1985இலும் 1990இலும் முறிந்த பேச்சுகளைக் கல்யாணப் பேச்சாக்கிவிட்டேன். அரசு மாப்பிள்ளை வீடு, போராளிகள் பெண் வீடு. "தாம்பூலம் மாத்தறதுக்குள்ள ரெண்டு வீட்டுக்காரங்களும் பந்தலுக்குத் தீ வச்சுட்டாங்க!" அரங்கம் அதிர்ந்தது.

"சார், நீங்க வேலைய விட்டுட்டு புரோக்கர் பிசினஸ் ஸ்டார்ட் பண்ணலாம்" என்றார் நடுவர். வெற்றி எங்களுக்கு.

சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், எங்கள் குடியிருப்பில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

"அண்ணை, நீங்கள் சொன்னதை ஒருக்காச் சிரிப்பில்லாமச் சொல்லுவீங்களோ?"

அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். சண்டை ஓய்ந்திருக்கும்போதே அவரைக் கொழும்புக்கு வரவழைத்துவிட மகள் தவித்தார்.

"மண்ணெண்ணெய் வருது, பேக்கரியிலை பாண் வருது, இனி ஏன் வெளிக்கிடவேணும் எண்டு எழுதியிருக்கிறா. நான் சொன்னாக் கேக்கமாட்டா. படிச்ச ஆக்கள் சொன்னாக் கேப்பா."

கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு டேப் ரெக்கார்டரோடு வீட்டுக்கு வந்தார். நான் பேசிப் பதிவுசெய்தால், ஊருக்குப் போகும் ஒருவர் கேசட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அந்தப் பெண் பட்டனை அமுக்கும் நேரத்தில் என் மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "டாடி, டூ த வெட்டிங் ஒன்!" மேடையில் சொன்ன கல்யாணக் கதையைக் கேட்ட அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவர் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1985ஐச் சொன்னேன், 1990ஐச் சொன்னேன். 1992இல் எல் சால்வடாரில் அரசும் போராளிகளும் பேசி, கையெழுத்திட்டு, போர் நின்றது. அந்தக் கத்தரிப்பும் என்னிடம் இருந்தது. என் அணிக்கு ஆகாது என்று மேடையில் அதை விட்டிருந்தேன். இப்போதாவது சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

அவர் ரெக்கார்டரை நிறுத்தினார். "அது வேண்டாம் அண்ணை. அதைக் கேட்டா அம்மா அசையமாட்டா."

டேப்பைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினார். முறிந்த அந்த இரண்டு வருடங்களை மட்டும் சொன்னேன். மேடையில் அவ்வளவு நேரம் இழுத்தது, நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"வரச்சொல்லி அம்மாட்டை நேராச் சொல்லுங்கோ" என்றார்.

"அம்மா" என்றேன். எல் சால்வடாரை மறைத்துவிட்டு, முகம் தெரியாத அந்த அம்மாவிடம் 'வாங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.