பதினோரு பாட்டில் சேறு

"ஒத்தக் கண்ண மூடாதீங்க சார். ரெண்டையும் தொறந்து வச்சுப் பாருங்க. செத்த நேரத்துல தெரியும்."

நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் பொன்னழகு இப்படித்தான் அதட்டுவாள். கல்லூரி முதல்வருக்கும் அதே அதட்டல்தான் கிடைத்தது. அவர் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெறும் சேறா இருக்கு?" என்று கேட்டுவைத்தார். அன்று முழுக்க அவளுக்கு ஆறவில்லை. "வெறும் சேறாம்ல!" என்று சாயங்காலம் தன் ஊரான அகரத்துக்குப் பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சேலையில் ஃபார்மலின் வாடை. "ஆஸ்பத்திரியில வேலையா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, கடல்ல" என்பாள். திண்டுக்கல்லில் ஏது கடல் என்று அடுத்த கேள்வி வந்தால் அன்றைக்குச் சண்டைதான்.

ஜாவாத் தீவுக்குத் தெற்கே கடலின் அடித்தரையில் ஏழாயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் கிடக்கிறது. ஆழ்கடல் அகழி என்பார்கள். ஒரு கப்பல் அங்கே போய்ச் சேற்றை அள்ளி வந்தது. அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பிரித்து எண்ணும் வேலையில் ஒரு பங்கு, நாற்பது பாட்டில், இந்த ஊர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைக்கு வந்து சேர்ந்தது. பொன்னழகு அங்கே பெருக்கித் துடைக்க வந்தவள். ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் கண் வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று ஒவ்வொருவராக நழுவியபோது, உயிர்களைப் பிரித்தெடுக்கும் ஊசியை இவள் கையில் எடுத்தாள். மூன்று வருடமாகக் கீழே வைக்கவில்லை.

பாட்டிலில் முன்பே ஒரு சாயம் கலந்திருக்கும். அள்ளியபோது உயிரோடு இருந்தவை ரோஜா நிறம் ஏறிக் கிடக்கும். அதற்கு முன்பே செத்து ஓடாகிப் போனவை வெளுத்துத் தெரியும். சேற்றைச் சல்லடையில் அலசி, கண்ணாடித் தட்டில் பரப்பி, ரோஜா நிறத்தை மட்டும் ஊசியால் தொட்டு எடுக்க வேண்டும். நூலாகச் சுருண்டிருப்பவை புழுக்கள். காலும் கொம்புமாக இருப்பவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. அவள் 'சீரகம்' என்று வைத்திருக்கிறாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் வீட்டில் சேமியா பாயசம் கிடையாது.

"இம்புட்டூண்டு நூலுக்கு வாயி இருக்கு, வயிறு இருக்கு. நகத்து மேல ரெண்டு எருமை ஏறி நிக்கிற பாரம், அம்புட்டையும் தாங்கிக்கிட்டுப் பொழைச்சிருக்கு. அதைப் போயி வெறும் சேறுன்னா?"

ஆழம் கூடக் கூட உயிர் குறையும் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஆனால் மேலே வாழ்ந்து மடிந்ததெல்லாம் கடைசியில் சரிந்து வந்து சேரும் இடம் அந்தப் பள்ளம். நிலம் நடுங்கினால் கரைப்பக்கத்துச் சேறும் இலை தழையும் மொத்தமாக உள்ளே விழும். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மேட்டுப்பக்கத்தில் அள்ளிய பாட்டிலில் அறுபது புழு தேறவில்லை. பள்ளத்தின் அடியில் அள்ளிய பதினேழாம் எண் பாட்டிலில் இருநூற்றுப் பன்னிரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினாள். இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.

போன மாதம் திட்டக் காலம் முடிந்தது. இருபத்தொன்பது பாட்டில் பார்த்தாயிற்று. பதினொன்று மூடியே திறக்கவில்லை. அது அவள் குற்றமா? நுண்ணோக்கியின் விளக்கு அணைந்து, புது பல்பு வாங்கக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் இரண்டு மாதம் வீணாய்ப் போனது. திட்டத்தை நடத்தும் பேராசிரியர் செழியனுக்கோ அறிக்கை உடனே போயாக வேண்டும். கணினியில் அடிக்கிற உதவியாளர் ஹுஸ்னா, பதினோரு கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்டாள். "ஜீரோ போட்டுரு" என்றார் அவர். அறிக்கை போனதும் பாட்டில்களைக் கொட்டிக் கழுவிவிடவும் உத்தரவு.

பாட்டிலுக்கு ஒரு தாள். தாளின் அடியில், பிரித்தெடுத்தவர் என்ற இடத்தில், பொன்னழகு கையெழுத்துப் போட வேண்டும். தாள்களைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதென்ன சார் சைபரு? பாட்டில தொறக்கவே இல்லையே?"

"ஏம்மா பொன்னழகு, கட்டம் காலியா இருந்தா ரிப்போர்ட் திரும்பி வந்துரும். அடுத்த புராஜெக்ட் கிடைக்காது. அப்புறம் உங்களுக்கும் இங்க வேலை இருக்காது. போடுங்க."

"பாக்கலைன்னு எழுதுங்க. இல்லைன்னு எதுக்கு சார் எழுதுறீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

ரெண்டும் ஒன்றா? போன ஐப்பசி மழையில் அவள் வீட்டுக் காட்டில் போட்டிருந்த சின்ன வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகியது. கணக்கெடுக்க வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே 'சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அவள் புருஷன் கருப்புசாமி அழுகின வெங்காயத்தை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினான். பார்க்காதவன் எழுதுகிற 'இல்லை' என்ன பாடுபடுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜீப்புக்குப் பின்னால் ஓட அந்தப் புழுவுக்குக் காலாவது இருக்கிறதா?

அவள் பதினொன்றில் ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு கரண்டி சேற்றை அலசித் தட்டில் ஊற்றினாள். "பாருங்க சார்."

செழியன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அடுத்து எட்டிப் பார்த்த ஹுஸ்னா, "அக்கா, எம்புட்டு!" என்று வாயில் கைவைத்தாள்.

செழியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரிம்மா. இந்த ஒண்ண எண்ணிக் குடுங்க, மாத்திருவோம். மிச்சம் பத்தும் அப்படியே இருக்கட்டும்."

கண்ணால் பார்த்த பிறகும் இப்படிச் சொல்கிற மனிதரை என்ன செய்வது? பொன்னழகு பத்துத் தாளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பாட்டிலுக்குள் போடும் சீட்டில் மை கரைந்துவிடும் என்பதால் அந்த அறையில் எல்லாரும் பென்சிலால்தான் எழுதுவார்கள். ஹுஸ்னா ஒரு பென்சிலை நீட்டினாள். பொன்னழகு அதை வாங்காமல், செழியனின் சட்டைப் பைக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"பேனாவக் குடுங்க சார். பென்சில்னா அழிச்சுருவீங்க."

கொடுத்தார். முதல் தாளில் சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, அடியில் முழுப் பெயரையும் போட்டாள். பேனாவை மூடாமல் அடுத்த தாளை எடுத்தாள்.