யாருடையது என்று தெரியாத கதவு: தெற்கு தில்லியிலிருந்து நரேலாவுக்கு

பிப்ரவரியில் நொய்டாவில் ஒரு ஜவுளிக் கண்காட்சி. கரூரிலிருந்து எங்கள் கம்பெனி சார்பாகப் போய், மூன்று நாள் திரைச்சீலை மாதிரிகளுக்கு நடுவே நின்றேன். அது முடிந்ததும் சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு கிடைத்தது. "குதுப்மினார், செங்கோட்டை எல்லாம் பார்த்தாச்சு, தில்லியில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று இந்தப் பக்கத்தில் பலர் கேட்டிருந்தீர்கள். கலையால் உயிர் பெற்ற இடங்களைச் சுற்றிவிட்டு, படங்களோடு சந்தோஷமான பதிவு ஒன்று போடலாம் என்றுதான் கிளம்பினேன். போட முடியவில்லை. ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அதனால் படங்கள் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கியது முனிர்காவில். சந்துக்குள் சந்து, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு இரவுக்கு 1,100 ரூபாய். சனிக்கிழமை காலை மெட்ரோவில் ஜோர்பாக் இறங்கி, பத்து நிமிடம் நடந்து லோதி காலனி போனேன். அரசு ஊழியர் குடியிருப்புகளின் பெரிய சுவர்களில் ஓவியங்கள். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. ஒரு சுவரில் மூன்று மாடி உயரத்துக்குப் பறவைகள், அதன் கீழே யாரோ பெட்ஷீட் காயப்போட்டிருந்தார்கள். இதை மட்டும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒன்பது மணிக்குள் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். அடுத்த ஸ்டேஷன்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட். அங்கே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டேன்.

மதியம் போனது ஒரு 'கிரியேட்டிவ் ஹப்'. தெற்கு தில்லியில், நகரம் நாலாபக்கமும் வளர்ந்து நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பழைய கிராமத்துக்குள் இருக்கிறது. பெயரைப் போட மாட்டேன், இலவச விளம்பரம் ஆகிவிடும். பழைய குடோன் ஒன்றைச் சுத்தம் செய்து, செங்கல் தெரிகிற மாதிரி விட்டு, உள்ளே காபிக் கடை, கண்காட்சி அறை, மட்பாண்டம் செய்கிற இடம் என்று அமைத்திருக்கிறார்கள். நுழைவு 400 ரூபாய். ஒரு காபி 320. 'மறக்கப்பட்ட கிராமத்துக்கு உயிர் கொடுத்தோம்' என்று சுவரில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. வாசலுக்கு எதிரே துணி தேய்க்கிற ஒருவர் வண்டி போட்டிருந்தார். உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் என்னிடம் கேட்டார். ஹப் வந்து இரண்டு வருடம் ஆகிறதாம், ஒருநாள்கூட அவர் உள்ளே போனதில்லை. முதலில் கேட் பக்கத்தில்தான் அவர் வண்டி நின்றதாம். படம் எடுக்கும்போது மறைக்கிறது என்று எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்களாம். கிராமத்துக்கு உயிர் கொடுத்த லட்சணம் இது.

கண்காட்சி அறையில் ஆறு கதவுகள் நின்றன. வெறும் கதவுகள். இடிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளிலிருந்து எடுத்து வந்து, மேலிருந்து விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒன்று, நீலக் கதவு, மதராசி கேம்ப்பிலிருந்து வந்தது. தெரியாதவர்களுக்கு: ஜங்புராவில், பாராபுல்லா சாக்கடைக் கரையில் இருந்த தமிழர் குடியிருப்பு அது. வீட்டு வேலை, துப்புரவு வேலை செய்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தார்கள். 2025இல் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். சிலருக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில் நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது, பலருக்கு அதுவும் இல்லை.

அந்த நீலக் கதவின் முன்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. அம்மா கீல் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "சந்தியா, இது நம்மூட்டுக் கதவுடி."

"அச்சே சே, நல்லாப் பாரும்மா. கேம்ப்ல எல்லாக் கதவும் நீலம்தான்."

"செருப்பு இருக்குது பாரு. உங்கப்பா அறுத்து அடிச்சாரே."

கீலுக்கு அடியில் ரப்பர் செருப்புத் துண்டு ஒன்று ஆணியில் அடிக்கப்பட்டிருந்தது. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவரே விளக்கினார். பெயர் அஞ்சலை, சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவர் துப்புரவுத் தொழிலாளி. விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது கதவு அடித்துப் பிள்ளை விழித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த ரப்பரை வைத்தாராம். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

கதவின் பக்கத்தில் ஒரு அட்டை. சந்தியா படித்து, ஹிந்தியும் தமிழும் கலந்து அம்மாவுக்குச் சொன்னாள். 'தகரம், பலகை, பெயின்ட். உரிமையாளர்: தெரியவில்லை.'

"ஏன் தெரியல? நான் இங்கதான நிக்கிறேன்?" என்றார் அஞ்சலை.

இருவரும் அங்கே வந்ததே ஹப் கூப்பிட்டதால்தான். நரேலாவில் சந்தியாவும் தோழிகளும் ஒரு நாடகக் குழு நடத்துகிறார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு, நிதி கொடுப்பவர்கள் வருகிற நேரத்தில், முற்றத்தில் ஒரு சின்ன நாடகம் போட அழைத்திருந்தார்கள். நாடகத்துக்கு ஆளைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கதவுக்கு ஆளைத் தேடத் தெரியவில்லை.

கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். முப்பது வயது, பருத்திக் குர்தா, மென்மையான குரல். விஷயம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "அற்புதம்! இப்போது சொன்னதை கேமரா முன்னால் இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். அட்டையில் பெயரையும் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

"பேரு வேணாம் பையா, கதவு வேணும்" என்றார் அஞ்சலை. (ஹிந்தியில் பையா என்றால் அண்ணா.) சந்தியா அதை ஹிந்தியில் சொன்னாள். நரேலாவில் அவர்கள் ஒத்திகை பார்க்கிற அறைக்குக் கதவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

பொறுப்பாளர் குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார். பழைய சாமான் கடையில் முறைப்படி வாங்கியது, ஏப்ரல் வரை கண்காட்சி, அதன் பிறகு மும்பைக்குப் போகிறது, எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, இந்தக் கதவு இனி எல்லோருக்கும் சொந்தமான நினைவு. நான் ஆங்கிலத்தில் சண்டைக்குப் போனேன். "எல்லோருக்கும் சொந்தம் என்றால், இருக்கிற எல்லோரிலும் கேட்கிறவர் இவர் ஒருவர்தானே?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

சந்தியா சண்டை போடவில்லை. கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்து போனை எடுத்து, வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த தோழிகளைக் கூப்பிட்டாள். "நாடகம் முற்றத்தில் இல்லை, இங்கே" என்று பொறுப்பாளரிடம் சொன்னாள். ஆறு மணிக்கு நிதி கொடுப்பவர்கள் ஒயின் கோப்பையோடு வந்தபோது வேறு வழியில்லாமல் அந்த அறைக்குத்தான் வர வேண்டியிருந்தது.

நாடகம் காமெடிதான். தண்ணீர் லாரி வருகிற நாளில் ஒரு காலனி என்ன பாடுபடுகிறது என்பது கதை. எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் சந்தியா கும்பிட்டுவிட்டு, அதே குரலில், "இது என் அம்மாவின் கதவு. உரிமையாளர் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு வண்டி கொண்டுவருகிறோம்" என்றாள். வெள்ளை முடி வைத்த ஒரு அம்மையார் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். "நிச்சயமாகக் கொடுக்கப் போகிறோம், இதுதான் எங்கள் திட்டமே" என்றார் பொறுப்பாளர், கண் இமைக்காமல். அடுத்த நிமிடம் அஞ்சலையைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஐந்தாறு படம். 'சமூகத்திடம் திருப்பி ஒப்படைக்கிறோம்' என்று அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டது. வண்டி வாடகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு சின்ன டெம்போ பிடித்தோம். தில்லிக்காரர்கள் அதை 'சோட்டா ஹாத்தி', குட்டி யானை என்கிறார்கள். நரேலாவுக்கு 1,900 ரூபாய், அதை நானும் அஞ்சலையும் பாதிப் பாதி. சந்தியா மெட்ரோவில் போய்விட்டாள். நானும் அஞ்சலையும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். கதவு பின்னால் கயிற்றில். "ஒரு கதவுக்காகவா இவ்வளவு தூரம்? அங்கேயே புதுசு வாங்கலாமே?" என்று டிரைவர் ஹிந்தியில் கேட்டார். "புதுசு வாங்கலாம் பையா, ஆனா இத அவங்களுக்கு ஏன் உடணும்?" என்று அஞ்சலை பாதித் தமிழில் பதில் சொன்னார். டிரைவருக்கு என்ன புரிந்ததோ, அதன் பிறகு மேடு பள்ளத்தில் பார்த்து ஓட்டினார்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ரிங் ரோடு, முகர்பா சௌக், கர்னால் நெடுஞ்சாலை. வழியெல்லாம் அஞ்சலை பேசினார். முன்பு வேலை வீடுகளுக்கு நடந்தே போனவர். இப்போது காலை ஐந்து மணிக்குக் கிளம்பி பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். நான்கு வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின. "வூடு குடுத்துட்டோம்னு சொல்றாங்கம்மா. வேலய யாரு குடுப்பா?"

நரேலாவில் இறங்கியபோது வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். பாதி காலி, ஜன்னல் கண்ணாடிகள் இல்லை, படிக்கட்டில் செடி முளைத்திருக்கிறது. அந்தப் பொட்டலுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் மட்டும் கூட்டம். சமோசாக் கடை, டீக்கடை, ஷேர் ஆட்டோக்கள். காரணம், அங்கே தரைத்தளத்தில் இருக்கிற ஒரு சின்ன அறை.

எதற்காகக் கட்டினார்கள் என்றே யாருக்கும் தெரியாத அறை அது. குடிகாரர்கள் உட்கார்ந்திருந்ததால் இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்களாம். அஞ்சலையும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கழுவி, குண்டு பல்பு போட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பாட்டு, பிறகு நாடகம். பக்கத்து பிளாக்கின் பீகார், ராஜஸ்தான் குடும்பங்களும் வந்தன. நாடகம் பாதி ஹிந்தி ஆனது. ஆள் நடமாட்டம் வந்ததும் டீக்கடை வந்தது, டீக்கடை வந்ததும் ஆட்டோ நிற்க ஆரம்பித்தது. இப்போது வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இந்தத் திருப்பத்தில் இறங்கித்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள். செத்துக் கிடந்த ஒரு இடத்துக்கு உயிர் வந்தது என்றால் இது. இதற்கு யாரும் நிதி கொடுக்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. கதவு இல்லாததால் மைக் செட் திருட்டுப் போனதுதான் மிச்சம்.

கதவு நிலையைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தது. பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார். செருப்புத் துண்டு இருக்கிற பக்கத்தைத் தொட விடவில்லை அஞ்சலை. மாட்டி முடித்ததும் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி, ஒத்திகைக்கு நேரமாச்சு" என்று பிள்ளைகளை உள்ளே விரட்டினார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். சந்தியா வாசலிலேயே தடுத்துவிட்டாள். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இது புது நாடகம், இன்னும் ரெடி ஆகல. இவ்ளோ நாள் போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. இன்னிக்குதான் மூடிட்டு செய்யப்போறோம்."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது, வாடகையில் பாதி கொடுத்தவள் அல்லவா! பிறகு வெட்கமாக இருந்தது. டீ வாங்கிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்தேன். உள்ளே ஒரே சிரிப்பு.

போக விரும்புகிறவர்களுக்கு: மஞ்சள் தடத்தில் சமய்ப்பூர் பாத்லி வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, எப்படியும் முக்கால் மணி நேரம். இருட்டுவதற்குள் திரும்பக் கிளம்புங்கள், வண்டி குறைந்துவிடும். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே இருக்கிற தண்ணீரைக் கேட்காதீர்கள். டீக்கடையில் காசு செலவழியுங்கள். ஹப்புக்குப் போவீர்களோ மாட்டீர்களோ, உங்கள் இஷ்டம். போனால் அட்டைகளைப் படித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று இருக்கிற இடத்தில், தேடினீர்களா என்று சத்தமாகக் கேளுங்கள். இன்னும் ஐந்து கதவுகள் அங்கே நிற்கின்றன.

நரேலா அறையின் கதவைத் தட்டலாம். "இன்னிக்கு வேணாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தால் கோபப்படாமல் திரும்பி வாருங்கள். கோபப்படுவதற்கு இந்த ஊரில் வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.